வளைய மறுத்த இழை

ஒளியிழைச் சோதனை பற்றிய ஆய்வுக்கட்டுரைக்கு வரைபடம் இல்லாமல் முடியாது. லேசர், ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் ஐசோலேட்டர், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் கப்ளர், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு முக்கோணம், கிலோமீட்டர் கணக்கில் சுற்றிவைத்த இழைக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சில வட்டங்கள். 1970களில் இதையெல்லாம் டிரேசிங் தாளில் மைப்பேனாவும் ஸ்டென்சிலும் கொண்டு வரைந்தார்கள். மை காய்ந்தபின் இன்னொரு கப்ளரைச் சேர்க்கச் சொன்னால் பிளேடால் சுரண்ட வேண்டியதுதான்.

1980களில் லெஸ்லி லாம்போர்ட்டின் அச்சுக்கோப்பு மென்பொருளான லேடெக் வந்தபோது, கட்டுரைக் கோப்புக்குள்ளேயே படம் வரைய வழி பிறந்தது. ஆனால் கஞ்சத்தனமான வழி. கோட்டையும் வட்டத்தையும் எழுத்துருவிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டியதால், சாய்கோடு −6 முதல் 6 வரையுள்ள முழு எண்களின் விகிதத்தில்தான் சாயும். வட்டத்தின் விட்டம் 40 பாயிண்டைத் தாண்டாது. சுமார் 14 மில்லிமீட்டர். வளைந்து வளைந்து ஓடும் இழைக்கு இது எந்த மூலைக்கு?

லேடெக்கில் படம் வரைய திமோத்தி வான் ஸான்ட் எழுதிய பிஎஸ்டிரிக்ஸ் தொகுப்பு அந்தக் கட்டை அவிழ்த்தது. (அவர் பொருளாதார அறிஞர், ஒளியியல்காரர் அல்லர்.) அதன்மேல் கிறிஸ்டோஃப் பெர்ஷ் ஒளியியல் சோதனைகளுக்கென்றே ஒரு தொகுப்பு எழுதினார். என் கணக்கில் பெரிய மாற்றம் இங்கேதான். அதுவரை கப்ளர் வெறும் உருவம். இப்போது அதற்கு நுழைமுனை, வெளிமுனை உண்டு; கருவியை நகர்த்தினால் இழையும் கூடவே வரும். தொகுப்பில் இல்லாத கருவி வேண்டுமா? உருவத்தை வரைந்து, முனைகள் எங்கே என்று சொன்னால் போதும்.

டில் டான்டாவ் தன் முனைவர் ஆய்வேட்டுப் படங்களுக்காகத் தொடங்கிய வேலை டிக்ஸ் என்ற இன்னொரு வரைபடத் தொகுப்பாக வளர்ந்தது. இன்று பல மாணவர்கள் அதில்தான் வரைகிறார்கள். 'இந்தக் கோணத்தில் கிளம்பு, அந்தக் கோணத்தில் போய்ச் சேர்' என்று எழுதினால் இழை அழகாக வளைகிறது. ஒளியை ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு மட்டும் அனுப்பும் சர்க்குலேட்டருக்குச் சொந்தமாகச் செய்த உருவத்தை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் எத்தனை படத்திலும் இறக்கலாம்.

அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சீனியர் தலைகீழாகப் போட்ட அம்புக்குறி ஜூனியர்களின் ஆய்வேடுகளுக்கும் அப்படியே போய்விடும். நிரல் ஒரு பிழையும் காட்டாது. சர்க்குலேட்டரின் முனைகளுக்கு எண்ணையும் சேர்த்து அச்சிடுவது நல்லது: 1 இல் நுழைந்த ஒளி 2 இல் வெளிவர வேண்டும், 2 இல் திரும்பி வந்தது 3 இல்.