பரண் இறங்கியவர்கள் – 9: தண்ணீரில் மூழ்கும் மரம்

போன வாரம் தலையாட்டிப் பொம்மையின் இடுப்பை நேராக்கி ஆடவிட்டோம். இந்த வாரம் மரப்பாச்சி ஜோடிக்குப் புது உடுப்பு என்று சொல்லியிருந்தேன். அதற்குமேல் முன்கதை வேண்டுமென்றால் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

உடுப்பு இன்னும் ஆகவில்லை. காரணம் ஒரு சிராய்.

ஜோடியில் பெண் பொம்மைக்குப் பீடத்தில் ஒரு விரிசல். பாதத்தின் பக்கவாட்டில் தொடங்கிக் கணுக்கால் வரை ஏறியிருக்கிறது. தூசு தட்டும்போது அதன் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த சிராய் ஒன்று தூரிகையோடு வந்துவிட்டது. அரை அரிசி அளவுகூட இல்லை. குப்பையில் போட மனசு வராமல் பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரில் போட்டேன். நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கரண்டிக் காம்பால் கிளறிவிட்டால், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடி. மேலே வருகிற பேச்சே இல்லை.

அசல் மரப்பாச்சி செம்மரத்தில் செய்தது. செம்மரத்தின் வைரம் தண்ணீரைவிடக் கனமானது. மரம் என்றால் மிதக்கும் என்கிற பள்ளிக்கூடப் பாடம் இதனிடம் செல்லாது. இந்த ஜோடியோடு பரணில் ஒரே பெட்டியில் இருந்து இறங்கிய கொண்டபள்ளி அம்பாரி யானையைக் கையில் எடுத்துப் பாருங்கள், காற்றைத் தூக்குவதுபோல இருக்கும். அது தெல்ல பொனிகி என்கிற வெள்ளை மரம். இரண்டுமே ஆந்திரத்து மரம்தான். இரண்டும் ஒரே கொலுப்படியில் நிற்கும். ஒன்று மிதக்கும், ஒன்று மூழ்கும். இத்தனை வருடம் பொம்மைகளோடு குப்பை கொட்டிவிட்டு இதை இப்போதுதான் டம்ளரில் பார்க்கிறேன்.

சிராயோடு விட்டிருக்கலாம். பொம்மையின் முகத்தில் யாரோ நகப்பூச்சால் கண் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளை முழி, நடுவில் கறுப்புப் புள்ளி, அதற்கு மேல் வானவில்லாக ஒரு புருவம். அதை எடுத்தே ஆக வேண்டும். முகத்தில் கைவைப்பதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதித்துப் பார் என்பது மியூசியங்களில் பழுது பார்க்கிறவர்கள் கடைப்பிடிக்கும் விதி. பொம்மையைக் கவிழ்த்துப் பீடத்தின் அடியில், பட்டாணி அளவு இடத்தில், ஈரப் பஞ்சை ஒற்றினேன். பஞ்சில் அழுக்கு மட்டும் வந்தது. அடுத்த பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் பஞ்சு முழுக்க ரத்தச் சிவப்பு.

மரத்தின் சிவப்புக்குப் பெயர் சாண்டலின். இது குளிர்ந்த தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரைந்துவிடும். பாட்டிகள் மரப்பாச்சியைச் சந்தனக் கல்லில் தண்ணீர்விட்டு உரைத்துக் குழந்தைகளுக்குப் பற்றுப் போட்டார்களே, அதில் வந்தது கரைந்த சாயம் அல்ல, உரைந்துபோன மரத்தூள். பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாயில் வைத்துச் சப்பியும் பொம்மை வெளுக்காமல் இருப்பது இதனால்தான். நகப்பூச்சை அழிக்கிறேன் என்று ரிமூவரைத் தடவியிருந்தால் கண்ணோடு சேர்த்துக் கன்னத்துச் சிவப்பும் போயிருக்கும். ஆகவே மூங்கில் குச்சியைச் சீவி, பூதக்கண்ணாடிக்குக் கீழே செதில் செதிலாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். இடது கண் முடிந்தது. வலது கண் இன்னும் முறைக்கிறது.

சாராயத்தில் கரையும் சிவப்பு என்றதும் ஐரோப்பாக்காரர்கள் விடுவார்களா? ஆங்கிலேய மருந்துக் கடைகளில் லாவெண்டர் டிஞ்சருக்குச் சிவப்பு நிறம் கொடுத்தது செம்மரத் தூள்தான். அதற்கும் முன்னால், இடைக்காலத்தில், பணக்கார வீடுகளின் சமையலறையில் பதார்த்தங்களைச் சிவக்க வைக்க இதைத் தூவியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஸ்வீடன்காரர்கள் ஸ்ப்ராட் என்கிற குட்டி மீனை மசாலாவில் ஊறவைத்து டப்பாவில் அடைக்கிறார்களே, அந்த மசாலாவில் பட்டை, கிராம்போடு செம்மரமும் ஒரு சாமான். கிறிஸ்துமஸுக்கு உருளைக்கிழங்கும் க்ரீமும் சேர்த்து அவர்கள் சுடுகிற பதார்த்தத்தில் போடுவது அந்த மீனைத்தான். நம் கொலு ராணியின் உறவுக்காரர் ஸ்டாக்ஹோமில் கிறிஸ்துமஸ் விருந்தில் உட்கார்ந்திருக்கிறார்! இதைப் படித்த அன்றைக்கு வீட்டில் வந்தவர் போனவர் எல்லோரையும் பிடித்து வைத்துச் சொன்னேன். பால் போட வந்த பையன்தான் முழுசாகக் கேட்டான்.

ஜப்பான் இன்னும் மேலே. ஷாமிசென் என்று மூன்று தந்தி வாத்தியம், கபுகி நாடகத்தில் கூடவே ஒலிப்பது. அதன் நீண்ட கழுத்தை ஜப்பானியர் பல மரங்களில் செய்தாலும் உயர்ந்த ரகத்துக்குச் செம்மரத்தைத்தான் தேடுவார்கள். காரணம் அதே கனம்தான், அதே இறுக்கம்தான். தந்தியை இழுத்துக் கட்டினாலும் வளையாது, விரல் தேய்த்தாலும் சட்டென்று பள்ளம் விழாது.

இவ்வளவு பேர் தேடுகிற மரம் உலகத்தில் தானாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும். சேஷாசலம், வெலிகொண்டா, லங்கமலை என்று பெரும்பாலும் ஆந்திரக் காடுகள். திருப்பதிக்குப் போனவர்கள் மரப்பாச்சி வாங்கி வந்தது பக்தியால் மட்டும் இல்லை, மரம் அந்த மலையினுடையது. அதே சேஷாசலத்தில்தான் 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கூலிக்கு மலையேறியவர்கள். பொம்மைத் தொடரில் இது எதற்கு என்று ஆசிரியர் கேட்கக்கூடும். பொம்மை எதனால் ஆனது என்று எழுதப் புகுந்த பிறகு ஸ்வீடன் விருந்தை மட்டும் சொல்லி இதை விட்டுவிட எனக்கு வராது.

1995 முதல் செம்மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2021-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலிலும் மறுபடி சேர்த்தார்கள். அதனால் இன்றைக்குக் கடையில் சிவப்பாக இருக்கிற மரப்பாச்சி எல்லாம் செம்மரம் என்று நம்ப வேண்டாம். வேறு மரத்தில் சாயம் ஏற்றியதும் நிறைய வருகிறது. கையில் எடுத்தால் கனம் சொல்லும். வெறும் தண்ணீர்ப் பஞ்சிலேயே சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் பூச்சுச் சாயம்தான்.

இனி என் புலம்பல். ஜோடியில் ஆண் பொம்மை கறுத்துக் கிடப்பதைப் பார்த்த ஒரு கடைக்காரர், “குடுங்கக்கா, உப்புத்தாள் போட்டுத் தேச்சு வார்னிஷ் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்” என்று கையை நீட்டினார். நான் பொம்மையை முந்தானைக்குள் போட்டுக்கொண்டேன். புதிதாக அறுத்த செம்மரம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டுக் கருஞ்சிவப்பாகி, நாள்பட ஊதா படிந்த கறுப்புக்கு வந்து நிற்கும். நம் வீட்டுப் பொம்மையின் கறுப்பில் பாதி எண்ணெய்ப் பிசுக்கு, பாதி வயசு. பிசுக்கை எடுக்கலாம், வயசை எடுக்க நமக்கென்ன உரிமை? தேய்த்தால் மூக்கும் தேயும், மார்பில் உளி இழுத்த சங்கிலிக் கோடும் தேயும். எங்கள் உறவில் ஒரு வீட்டில் அப்படித் தேய்த்த பொம்மை இருக்கிறது. வழவழவென்று, முகமே இல்லாமல்.

விரிசலுக்கு நான் எடுத்த வழி கொண்டபள்ளியிலிருந்து இரவல் வாங்கியது. அங்கே துண்டு துண்டாகச் செதுக்கிய கை கால்களை ஒட்டுவது புளியங்கொட்டைப் பொடியும் மரத்தூளும் சேர்த்த மக்கு என்னும் விழுதால். மரப்பாச்சி ஒரே கட்டையில் செதுக்கியது, ஒட்டே இல்லாதது, அதற்கு மக்கு பழக்கமில்லை. ஆனாலும் இந்த விழுதில் எனக்குப் பிடித்த குணம், ஈரத்துணி போர்த்தினால் இளகி வந்துவிடும். நாளைக்கு என்னைவிடக் கைதேர்ந்த ஒருவர் வந்தால் நான் போட்டதை எடுத்துவிட்டு வேறு போடலாம். எப்பாக்சி போட்டால் அந்த வழி அடைந்துவிடும். புளியங்கொட்டையைக் கரப்பான் தின்னுமே என்பவர்களுக்கு: புத்தகம் பைண்டு செய்பவர்கள் பசையில் சேர்க்கிற மயில்துத்தம் ஒரு சிட்டிகை போதும். அது விஷம். அப்படி ஒட்டிய பொம்மை குழந்தை கைக்குப் போகக் கூடாது, படியோடு சரி.

பக்கம் முடிந்தது, உடுப்பு நின்றுவிட்டது. அடுத்த வாரம் கட்டாயம் சேலைதான். ஜரிகைத் துணி ஏன் இந்த உயரத்துக்கு விறைத்து நிற்கிறது, பழைய வேட்டித் துணி ஏன் படிகிறது என்று சொல்கிறேன். ஆண் பொம்மைக்குப் பஞ்சகச்சம் கட்ட ஆசை. இரண்டு காலுக்கும் நடுவே இடைவெளியே விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். கச்சத்தை எங்கே கொண்டுபோய்ச் செருகுவது என்று தெரு வாத்தியாரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

(தொடரும்)