செங்கல் போல அடுக்கலாம்!

இணையதளம் நடத்த உதவும் மென்பொருள், "வேர்ட்பிரஸ்". அதில் எழுதுவதற்குப் புதுக் கருவி ஒன்று தயாரானது. பெயர் என்ன தெரியுமா? "கூட்டன்பர்க்"! 15-ம் நூற்றாண்டில் அச்சு எழுத்துக்களைக் கோத்துப் புத்தகம் அச்சிட்ட ஜெர்மானியரின் பெயர் அது.

முன்னோட்டம்

வேலை முடியும் முன்பே, 2017 ஜூன் மாதம், அதை வெளியே விட்டார்கள். பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்லும்படி கேட்டார்கள்.

பத்தி ஒரு கட்டம். படம் ஒரு கட்டம். பட்டியல் ஒரு கட்டம். செங்கல் போல மாற்றி மாற்றி அடுக்கலாம்!

எதிர்ப்பு

பழைய கருவியே போதும் என்றனர் பலர். பார்வையற்றவர்கள் இதில் எழுதுவது கடினம் என்ற குறையும் கிளம்பியது.

2018 நவம்பர் 19-ந் தேதி என்று குறித்த நாள் தள்ளிப்போயிற்று. டிசம்பர் 6-ந் தேதி புதுக் கருவி வந்தே விட்டது. பழையதை விரும்பியவர்கள் அதையே வைத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள்.