மென்பொருள் ஏகபோகமும் கணிப்பொறிப் பாதுகாப்பும்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் சுரங்க வேலையை மேற்கொண்டது. அது முதல் 1956ஆம் ஆண்டு மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் உடைமையாக்கும் வரை அவ்வூரின் பொருளாதாரம் ஏறத்தாழ ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கக் கம்பெனிகள் பெயரளவில் பல இருந்தன. அவற்றை நடத்தியது ஒரே நிறுவனந்தான். வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறிய தொழிலாளிக்கு வேலை, குடியிருப்பு, மருத்துவம் யாவும் அந்த நிர்வாகத்தின் மூலமே கிடைத்தன.

தங்கம் திருட்டுப் போகாமல் தடுக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் நியாயமான கவலையாகும். இதற்கென மைசூர் சமஸ்தானம் தனிச் சட்டமே இயற்றியிருந்தது. ஆனால் 1930ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தபோது, அதை எதிர்த்துத் தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. எல்லாச் சுரங்கங்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கையில், பதிவேட்டில் ஒருவர் பெயர் கெட்டுப்போனால் அவர் அடுத்த சுரங்கத்தில் போய் வேலை கேட்க முடியாது. பல முதலாளிகள் உள்ள ஊரில் வெறும் காவல் ஏற்பாடாக இருக்கக்கூடிய ஒன்று, ஒரே முதலாளி உள்ள ஊரில் அதிகாரமாக மாறிவிடுகிறது. கணிப்பொறி மென்பொருள் துறையில் இன்று எழுந்துள்ள விவாதத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய நிகழ்ச்சி உதவும்.

அதே கோலார் மாவட்டத்தின் நரசாபுரத்தில் ஐபோன் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று உள்ளது. தைவானைச் சேர்ந்த விஸ்ட்ரான் நிறுவனம் அமைத்த இந்த ஆலையை 2023ஆம் ஆண்டில் டாட்டா குழுமம் வாங்கியது. கருவி கோலாரில் உருவாகிறது. எனினும் அதில் எந்தச் செயலியை நிறுவலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை, இந்தியாவைப் பொறுத்தவரை, அமெரிக்காவிலுள்ள ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை ஒன்றிடமே உள்ளது. பொருளை உற்பத்தி செய்வது ஓரிடம், அதன் வாயிலைக் காப்பது வேறிடம் என்னும் இப்பிரிவினை பழைய தொழில் பொருளாதாரப் பாடநூல்களில் காணப்படாதது.

ஏகபோகம் உருவாகும் விதம்

மென்பொருள் தொடக்கத்தில் தனிப் பண்டமாக இருக்கவில்லை. கணிப்பொறியோடு சேர்த்தே அது தரப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1969ஆம் ஆண்டில் மென்பொருளுக்குத் தனி விலை வைக்க முடிவு செய்த பின்னரே அதற்கெனத் தனிச் சந்தை வளர்ந்தது. இச்சந்தைக்குச் சில தனி இயல்புகள் உண்டு. முதல் பிரதியைத் தயாரிக்கப் பெரும் முதலீடு தேவை. அடுத்த பிரதிக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. ஆகவே அதிகமாக விற்பவரின் சராசரிச் செலவு குறைந்துகொண்டே போகிறது. மேலும், ஒரு மென்பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்களோ அத்தனைக்கு அதன் மதிப்பும் உயர்கிறது. பக்கத்து அலுவலகம் அனுப்பும் கோப்பு நம் கணிப்பொறியில் திறக்க வேண்டுமானால், அவர்கள் வாங்கியதையே நாமும் வாங்க வேண்டியிருக்கிறது. பத்தாண்டுக் கோப்புகள் அந்த வடிவத்தில் சேர்ந்துவிட்டால், வேறொன்றுக்கு மாறும் செலவு புதிய மென்பொருளின் விலையைக் காட்டிலும் அதிகமாகிவிடும்.

இவ்வாறு ஒரு துறையில் பெற்ற ஆதிக்கம் அடுத்த துறைக்கும் பரவுவது இயல்பு. ஒலி, ஒளிப் பதிவுகளை இயக்கும் மென்பொருளைத் தன் விண்டோஸ் இயக்கு முறைமையுடன் இணைத்தே விற்றது மைக்ரோசாஃப்ட். இதற்காகவும், போட்டி நிறுவனங்களின் சர்வர்கள் விண்டோஸுடன் இணைந்து இயங்கத் தேவையான விவரங்களைத் தர மறுத்ததற்காகவும், ஐரோப்பிய ஆணையம் 2004ஆம் ஆண்டில் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த இயக்கி இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. நிறுவனம் அதையும் அதே விலைக்கே விற்றது. வாங்குவோர் அநேகமாக இல்லை. காலங்கடந்து வரும் பரிகாரம் சந்தையில் எடுபடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்தியாவில் 1969ஆம் ஆண்டின் ஏகபோக, கட்டுப்பாட்டு வர்த்தக நடைமுறைகள் சட்டத்தின் இடத்தில் இன்று 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் உள்ளது. சந்தையில் ஆதிக்க நிலை பெறுவதை இச்சட்டம் குற்றமாகக் கருதவில்லை. அந்நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதையே 4ஆம் பிரிவு தடை செய்கிறது. இதன்படி இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுள் நிறுவனத்தின் மீது இரு ஆணைகளைப் பிறப்பித்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தன் செயலிகளைக் கட்டாயமாகச் சேர்த்தது தொடர்பாக 1,337.76 கோடி ரூபாயும், பிளே ஸ்டோரில் கட்டணம் வசூலிக்கும் முறை தொடர்பாக 936.44 கோடி ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டது. தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் முதல் அபராதத்தை 2023 மார்ச்சில் உறுதி செய்தது. இரண்டாவதை 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது.

அபராதத் தொகையைவிட 2024 மார்ச் 1 அன்று நடந்த நிகழ்ச்சியே பலருக்கு நிலைமையை விளக்கியது. சேவைக் கட்டணம் செலுத்தவில்லை என்று கூறி, சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட சில இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. மத்திய அரசு தலையிட்ட பின் சில நாட்களில் அவை திரும்பச் சேர்க்கப்பட்டன. கட்டணம் நியாயமா, இல்லையா என்பது வழக்கு மன்றம் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் வழக்குரைஞரை அமர்த்துவதற்குள் கடை அடைக்கப்பட்டுவிடுகிறது என்பதே வணிகருக்குத் தெரிந்த உண்மை.

பாதுகாப்பு என்னும் வாதம்

இக்கட்டுப்பாடுகளுக்குச் செயலிக் கடை நடத்துவோர் கூறும் முக்கியக் காரணம் பாதுகாப்பு. ஒவ்வொரு செயலியையும் சோதித்தே அனுமதிப்பதால் தீய நிரல்கள் உள்ளே வருவது குறைகிறது என்கிறார்கள். இதை அப்படியே தள்ளிவிட இயலாது. கைபேசியில் வரும் ஏதோ ஓர் இணைப்பைத் தொட்டு, போலி வங்கிச் செயலியை நிறுவிப் பணத்தை இழந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். சோதனைக்கு உட்பட்ட கடை அவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கும்.

ஆயினும் சோதனை செய்வது ஒன்று. சோதனை செய்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கட்டணத்தை இன்னார் வழியாகவே செலுத்த வேண்டும், அதில் 15 முதல் 30 சதவீதம் வரை தர வேண்டும் என்பதற்கும் தீய நிரலைத் தடுப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் எண்முறைச் சந்தைச் சட்டத்தின் காரணமாக 2024 மார்ச் முதல் ஐபோனில் பிற செயலிக் கடைகளையும் ஆப்பிள் அனுமதித்துள்ளது. அங்கும் செயலிகளுக்கு அடிப்படைச் சோதனை தொடர்கிறது.

பாதுகாப்பு வாதத்திற்கு மறுபக்கமும் உண்டு. 2003ஆம் ஆண்டில் டான் கீர் முதலிய ஏழு வல்லுநர்கள் வெளியிட்ட அறிக்கையொன்று, பெரும்பாலான கணிப்பொறிகள் ஒரே இயக்கு முறைமையில் இயங்குவதே பாதுகாப்புக் குறைவு என்று வாதிட்டது. வட்டாரம் முழுவதும் ஒரே ரக நெல்லைப் பயிரிட்டால் ஒரு பூச்சி எல்லா வயலையும் அழித்துவிடக் கூடும் என்பது உழவருக்குப் புதிய செய்தி அன்று. அறிக்கை வெளிவந்ததும் கீர் தம் வேலையை இழந்தார். அவர் பணியாற்றிய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் மைக்ரோசாஃப்ட்டும் ஒன்று.

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் விண்டோஸில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, சில நாட்களில் சுமார் 150 நாடுகளுக்குப் பரவியது. அக்குறைக்கான திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. ஆனால் ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்.பி. போன்ற பழைய பதிப்புகளுக்கு அது அப்போது பொதுவாகக் கிடைக்கவில்லை. தாக்குதலுக்குப் பின்பே வழங்கப்பட்டது. பழைய கணிப்பொறிகளை வைத்துக் காலம் தள்ளும் அலுவலகங்களுக்கு இது நன்கு பழகிய நிலைமை. 2024 ஜூலை 19 அன்று நேர்ந்ததில் தாக்குதலே இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. காவலுக்கு வைத்த பூட்டே கதவைத் திறக்கவொட்டாமல் செய்துவிட்டது.

வெளியேறும் வழி

2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்திற்கான மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்தியது. கட்டணம் செலுத்தப்பட்ட சேவை அது. இந்தியச் சட்டப்படி தடை ஏதும் இல்லை. நயாரா டில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது; சில நாட்களில் சேவை திரும்ப வழங்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் ஆலையின் கடிதப் போக்குவரத்து எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை அலுவலக அனுபவம் உள்ளவர்கள் ஊகிக்கலாம்.

இந்தியா இதற்கு முன்பே ஒரு முறை இந்நிலையைச் சந்தித்துள்ளது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தன் இந்தியக் கிளையின் பங்குகளைக் குறைத்துக்கொள்ள விரும்பாத ஐ.பி.எம். 1978இல் நாட்டை விட்டு வெளியேறியது. அதன் கணிப்பொறிகளைப் பராமரிக்கும் பணியை அரசுத் துறையின் கம்ப்யூட்டர் மெயின்டெனன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்றது. இயந்திரங்கள் நின்றுபோகவில்லை. இயந்திரம் வாடிக்கையாளரின் கட்டடத்தில் இருந்தது, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த பொறியாளர்கள் உள்நாட்டில் இருந்தனர் என்பதே காரணம். இன்று இயந்திரம் எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கிறது. 1978ஐக் காட்டிலும் நம் நிலை இந்த ஓர் அம்சத்தில் பலவீனமானது என்றே கொள்ள வேண்டும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. கேரளம் தன் அரசுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைச் சுதந்திர மென்பொருளுக்கு மாற்றி வெற்றி கண்டது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2006ஆம் ஆண்டையொட்டி, சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, லினக்ஸ் கணிப்பொறிகளை வாங்கத் தொடங்கியது. மத்திய அரசு 2010இல் திறந்த தரங்களுக்கான கொள்கையையும், 2015இல் திறந்த மூல மென்பொருள் கொள்கையையும் வெளியிட்டது. அண்மையில் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், தமிழ்நாட்டில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது. அயல்நாட்டு நிறுவனத்தைச் சார்ந்திருப்பதை இது குறைக்கும். ஆனால் ஒருவருக்குப் பதில் மற்றொருவர் என்பதால் மட்டும் ஏகபோகப் பிரச்சினை தீர்ந்துவிடாது. ஒப்பந்தம் முடியும் நாளில் கடிதங்கள் யாவும் எந்த வடிவில், எவ்வளவு காலத்தில், யார் செலவில் திரும்பக் கிடைக்கும் என்ற கேள்வியை உள்நாட்டு நிறுவனத்திடமும் கேட்டாக வேண்டும்.

தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது, வேலை மட்டும் நின்றுபோகவில்லை. நிறுவனத்தின் வீடுகளில் குடியிருந்தவர்களின் உரிமை என்ன என்பதும் பல ஆண்டுத் தகராறாயிற்று. குடியேறும்போது அதைப் பற்றி எழுதி வைத்தவர் இல்லை. இன்று மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலை ரயிலில் பெங்களூர் செல்லும் ஆயிரக்கணக்கானோரில் பலர் அக்குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள்.

மென்பொருள் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு எழுதி வைக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது. தமிழ் அலுவலகங்கள் இதை எழுத்துரு விஷயத்திலேயே கற்றுக்கொண்டன. நிறுவனத்துக்கு ஒரு குறியீட்டு முறையாகத் தமிழ் எழுத்துருக்கள் விற்பனையான காலத்தில், ஓர் அலுவலகத்தின் கடிதம் மற்றோர் அலுவலகத்தில் வெறும் குறிகளாகத் தெரிந்தது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு யூனிகோடை அரசுத் தரமாக அறிவித்தது. அதற்கு முன் தட்டச்சு செய்த கோப்புகளை இன்று படிக்க, முதலில் குறியீடு மாற்றும் நிரல் ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது.