சூளை வைத்திருப்பவருக்கு எந்த மெடிக்ளைம்?

விருத்தாசலத்தில் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்கிற சிறு செராமிக் பட்டறைக்காரரை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் இவர் எந்தக் கணக்கிலும் சேராதவர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. மாதம் பத்தாயிரம் என்று வைத்துக்கொண்டால், சூளை எரிப்பவர் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியிருப்பார். இ.எஸ்.ஐ. கட்டாயமாவதற்குப் பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும். செய்தாலும் அது 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்குத்தான், முதலாளிக்கு இல்லை. சாலை விபத்து என்றால் 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்ளும், வருமானச் சான்றும் கேட்காது. நெஞ்சுவலிக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் சொந்தக் காசு, அல்லது சொந்தப் பாலிசி.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மெடிக்ளைமுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. போய்விட்டது. ஏஜெண்டுகள் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். நல்ல சேதிதான். ஆனால் இந்த ஊர்க்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி பிரீமியம் பற்றியதல்ல. உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஊரில் போய்ப் படுப்போம் என்பது.

இங்கே அரசு மருத்துவமனை உண்டு, தனியார் நர்சிங் ஹோம்களும் உண்டு. பெரிய சிகிச்சை என்றதும் வண்டி சிதம்பரத்துக்கோ புதுச்சேரிக்கோ திரும்பும். இல்லையென்றால் ஜங்ஷனில் ரயிலேறிச் சென்னை. பல கம்பெனிகள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் போடுகின்றன. விருத்தாசலம் முகவரி கொடுத்தால் சென்னைக்காரரைவிடக் குறைவாக வரும். மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டுவிட்டுச் சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டால், சில பாலிசிகளில் பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும். கோ-பே என்ற தலைப்பில் பத்திரத்தின் நடுப்பக்கத்தில் அது எங்கோ இருக்கும். மலிவாக வந்ததன் விலை அதுதான்.

அறை வாடகை அடுத்த கண்ணி. மூன்று லட்சம் பாலிசியில் நாளொன்றுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வரம்பு இருக்கிறது என்போம். நீங்கள் எடுத்தது 6,000 ரூபாய் ஏ.சி. அறை. கூடுதல் மூவாயிரத்தைக் கையிலிருந்து கொடுத்தால் தீர்ந்தது என்று நினைப்போம். தீராது. அந்த அறை வாடகையில் பாதிக்குத்தான் உங்களுக்குத் தகுதி என்பதால் டாக்டர் கட்டணம், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் பாதிதான் கிடைக்கும். அந்த இனத்தில் 80,000 வந்திருந்தால் நாற்பதாயிரம் உங்கள் தலையில். மருந்து, பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. பில்லைச் சரிபார்ப்பவர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தூசி. செராமிக் கலவையில் சேரும் குவார்ட்ஸ் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் வருவது சிலிக்கோசிஸ். வருடக்கணக்கில் மெல்ல வரும், வந்தால் போகாது. பட்டறைக்காரரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். ஆகவே இருமல் தொடங்கிய பிறகு பாலிசி தேடுவது தாமதம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டு வரை கம்பெனி காத்திருக்க வைக்கலாம். 2024க்கு முன்பு இது நான்காண்டாக இருந்தது.

படிவத்தை நிரப்பும்போது சுகரும் பிரஷரும் இருந்தாலும் “இல்லைன்னு போட்டுடலாம் சார், டெஸ்ட் இல்லாம முடிஞ்சிடும்” என்று சொல்லும் ஏஜெண்ட் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. தொடர்ந்து ஐந்தாண்டு கட்டிய பிறகு, மோசடியை நிரூபித்தால் ஒழிய, மறைத்தார் என்று கிளெய்மை மறுக்க முடியாது. அந்த ஐந்தாண்டுக்குள் கம்பெனி முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் படிவத்தைத்தான். எந்தத் தொழில், தூசியில் எத்தனை வருடம், வீசிங்குக்கு எப்போது மருந்து எடுத்தோம் என்பதையெல்லாம் கேட்ட இடத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறினால் ஏறட்டும்.

எதை வாங்குவது என்று குழம்புகிறவருக்கு நான் முதலில் காட்டுவது 2020இல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி. எல்லாக் கம்பெனியிலும் ஒரே வாசகம், விலை மட்டும் வேறு. மண்டலப் பிரிவினை இதில் கிடையாது என்பதால் சென்னையில் சேர்ந்தாலும் அதற்காகத் தனி வெட்டு இல்லை. எந்த ஊரானாலும் ஐந்து சதவீதம் நம் பங்கு. அறைக்குக் காப்பீட்டுத் தொகையில் இரண்டு சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்கு இது போதாது. இதை அளவுகோலாக வைத்து மற்றவற்றைப் பார்த்தால், கூடுதல் பணத்துக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்பது புரிந்துவிடும்.

பத்திரம் கைக்கு வந்த பின் 30 நாள் அவகாசம் உண்டு. பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் வரும். பின்னாளில் கிளெய்ம் தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கே எழுத வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அவர் கேட்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.