ஒரே தளம் வரட்டும், பழைய பாடங்கள் எங்கே போகும்?

மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தியின் கைபேசியை வாங்கிப் பார்த்தால் போதும், பல்கலைக்கழகம் எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு பாடத்தின் நோட்ஸ் கூகுள் கிளாஸ்ரூமில் இருக்கும். இன்னொரு பாடத்துக்குத் துறையே தனியாக நடத்தும் மூடுல். மூன்றாவது பேராசிரியர் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். இன்டர்னல் மார்க் பார்க்க வேறொரு போர்ட்டல், ஸ்வயம் பாடத்துக்கு இன்னொரு கணக்கு. அசைன்மென்டுக்குக் கடைசித் தேதி எதில் அறிவிக்கப்பட்டது என்று தேடுவதிலேயே அவளுக்குப் பொழுது போய்விடுகிறது.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது யாருக்கும் நின்று யோசிக்க நேரமில்லை. ஆசிரியர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்து வகுப்பை நடத்தினார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், அன்றைய அவசர ஏற்பாடே பல இடங்களில் நிரந்தரமாகிவிட்டது. இப்போதுதான் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக எல்லாத் துறைக்கும் ஒரே எல்.எம்.எஸ். (கற்றல் மேலாண்மைத் தளம்) என்ற முடிவுக்கு வருகின்றன. தரமதிப்பீட்டுப் படிவத்தில் அதைப் பற்றிக் கேள்வி இருப்பதும் ஒரு காரணம். பல இடங்களில் தேர்வாவது மூடுல். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உருவாகி, 2002இல் முதல் பதிப்பு வெளியான திறந்த மூல மென்பொருள் அது. உரிமக் கட்டணம் கிடையாது. சர்வருக்கும் அதைக் கவனிக்கும் ஆட்களுக்கும்தான் செலவு.

ஒரே தளம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரே பாஸ்வேர்டு, ஒரே நாட்காட்டி, சேர்க்கைப் பட்டியலிலிருந்து தானாகவே வந்து சேரும் மாணவர் பெயர்கள். இவை கிடைத்தால் மாணவர்களுக்குப் பாதி அலைச்சல் குறையும். என் கவலையெல்லாம், பழைய தளம் மூடப்படும் நாளைப் பற்றியது.

வழக்கமாக நடப்பது இதுதான். வரும் செமஸ்டரிலிருந்து எல்லாரும் புதிய தளத்துக்கு மாற வேண்டும், பழையது இன்ன தேதியோடு நிறுத்தப்படும் என்று ஒரு சுற்றறிக்கை வரும். பாடங்களை எப்படிக் கொண்டுபோவது என்று அதில் ஒரு வரி இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. மூடுலிலிருந்து மூடுலுக்கு மாறுவதென்றால் சுலபம் என்று நினைக்கிறார்கள். பாடத்தை பேக்கப் எடுத்து மறுபக்கம் ரீஸ்டோர் செய்தால் நோட்ஸ், வினா வங்கி, அசைன்மென்ட் குறிப்பு எல்லாம் வந்துவிடும் என்பது உண்மை. ஆனால், இயல்பான அமைப்பில் ஓர் ஆசிரியர் எடுக்கும் பேக்கப்பில் மாணவர் தரவு சேராது. அந்த அனுமதி நிர்வாகியிடம் இருக்கிறது. விவாதப் பகுதியில் மாணவர்கள் எழுதியதெல்லாம் மாணவர் தரவுதான். ஆகவே புதிய தளத்தில் விவாதப் பகுதி இருக்கும், உள்ளே ஒரு வரி இருக்காது. ஒரு மாணவன் நள்ளிரவில் கேட்ட சந்தேகம், அதற்கு இன்னொரு மாணவி எழுதிய விடை, ஆசிரியர் வந்து திருத்திய இடம், அத்தனையும் பழைய சர்வரோடு போய்விடும். பாடப்புத்தகத்தில் கிடைக்காத விளக்கங்கள் அங்கேதான் இருந்தன.

கிளாஸ்ரூமிலிருந்து மூடுலுக்கு வருவது இன்னும் கடினம். ஒரு வகுப்பை அப்படியே தூக்கி வைக்க நேரான வழி இல்லை. கோப்புகளைத் தனித்தனியாக இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுக்கும் ஆசிரியர் இதை எப்போது செய்வார்?

இலவசமாகக் கிடைத்த இடத்தை நம்பியும் இருக்க முடியாது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாத சேமிப்பிடம் தந்துவந்த ஒரு பெரிய நிறுவனம், இனி முழுப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து அடிப்படையாக 100 டெராபைட் மட்டுமே என்று 2021இல் அறிவித்தது. வீடியோ வகுப்புகளை நிறையச் சேர்த்துவைத்திருந்த நிறுவனங்கள் எதை வைப்பது, எதை அழிப்பது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

தமிழ்வழிப் பாடங்களின் நிலைமைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றது 2010இல். அதற்கு முன்பும், பழக்கத்தால் அதற்குப் பின்பும், ஏராளமான நோட்ஸ் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியல்தான் இருக்கும். பி.டி.எஃப். ஆக இருந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், ஆனால் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. தளம் மாற்றும் வேலையைச் செய்யும் ஊழியர் இப்படியொரு கோப்பைத் திறந்து பார்த்தால், கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிடுவார். அவருக்குச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துச் சரிபார்க்கத்தான் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். பொறியியலில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் 2010-11இலேயே தொடங்கிவிட்டன. ஆனாலும் தமிழில் நல்ல பாடக்குறிப்பு இன்றும் அரிது. இருப்பதில் ஒரு பகுதியை நாமே தூக்கிப் போடலாமா?

அடுத்தது கௌரவ விரிவுரையாளர்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும் சுமையைத் தோளில் தாங்குபவர்கள். இந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு, வேறு கல்லூரியில் அடுத்த ஆண்டு என்று போகிறவர்கள். பணி முடிந்ததும் மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டால், அந்தக் கணக்கில் அவர் உருவாக்கிய வகுப்பும் கோப்புகளும் உரிமையாளர் இல்லாமல் அனாதையாகின்றன. யாராவது முன்கூட்டியே வேறு கணக்குக்கு மாற்றினால் தப்பும். மாற்றாவிட்டால் அவருக்கும் இல்லை, துறைக்கும் இல்லை. சிலர் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது அவர்கள் உழைப்பு, எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அவர் பெயரோடு ஒரு பிரதி துறையிலும் நிற்க வேண்டாமா? அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். அவரும் ஓராண்டில் போய்விடுகிறார்.

பழையதையெல்லாம் சுமந்துகொண்டு போனால் புதிய தளமும் குப்பையாகிவிடும், இடத்துக்கும் பணம் வேண்டும் என்று கணினி மையத்தினர் சொல்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் குப்பை எது என்று முடிவு செய்ய வேண்டியவர் பாடம் நடத்தியவர். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அல்ல.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. பழைய தளத்தை ஒரேயடியாக மூடாமல், இரண்டு செமஸ்டருக்காவது படிக்க மட்டும் திறந்து வைக்கலாம். அதை மூடுவதற்கு முன், மாணவர் தரவோடு சேர்ந்த முழு பேக்கப்பை நிர்வாகி எடுத்து, மதிப்பெண் போன்ற அந்தரங்க விவரங்களைப் பிரித்து, துறைக்கு ஒரு பிரதி கொடுக்கலாம். புதிய தளத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனிநபரோடு துறையையும் பொறுப்பாளராகச் சேர்க்கலாம். எழுதியவர் பெயர் பாடத்தின் முகப்பில் நிற்க வேண்டும், அவர் அந்தக் கல்லூரியை விட்டுப் போனபிறகும்.

இந்த மாற்றங்களுக்குப் பெரும்பாலும் செமஸ்டர் விடுமுறையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வளாகத்தில் ஆளில்லாத சமயம், கௌரவ விரிவுரையாளர்களின் பணிக்காலமும் முடிகிற சமயம். உங்கள் பாடங்கள் இன்ன தேதிக்குள் மாற்றப்படும், வேண்டியதைச் சொல்லுங்கள் என்ற சுற்றறிக்கை அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அவர்களுடைய கல்லூரி மின்னஞ்சல் அதற்குள் மூடப்பட்டிருந்தால், துறை அலுவலகம் போன் செய்தாவது சொல்ல வேண்டும்.