ஆன்மாவின் ஐந்தொகை

மனித ஆன்மாவைப் பற்றிப் பேச இஸ்லாத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ரூஹ்: இறைவன் மனிதனுள் ஊதிய உயிர். அதைப் பற்றி மனிதருக்குத் தரப்பட்ட அறிவு சிறிதளவே என்கிறது குர்ஆன். மற்றது நஃப்ஸ்: ஆசைப்படும், தவறும், திருந்தும் 'நான்'.

நஃப்ஸுக்கு மூன்று நிலைகளை அறிஞர்கள் குர்ஆனிலிருந்து காட்டுவர். தீமைக்குத் தூண்டுவது அம்மாரா. தன்னையே கடிந்துகொள்வது லவ்வாமா. அமைதி அடைந்தது முத்மயின்னா. ஆன்மா ஒன்றுதான், அது நிற்கும் படிகளே வேறு.

படியேறுவது எப்படி? 1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தமது 'இஹ்யா' நூலில் நஃப்ஸை வியாபாரப் பங்காளிக்கு ஒப்பிடுகிறார். காலையில் அதனுடன் நிபந்தனை பேச வேண்டும். பகலில் கண்காணிக்க வேண்டும். நாள் முடிவில் கணக்குக் கேட்க வேண்டும். கடமைகள் முதல், மேலதிக நற்செயல்கள் இலாபம், பாவங்கள் நட்டம். இந்தச் சுயகணக்குக்கு முஹாசபா என்று பெயர். 857 இல் பக்தாதில் மறைந்த ஸூஃபி அறிஞர் அல்-முஹாசிபிக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான்.

கணக்காளனாகிய எனக்கு லவ்வாமாவே நெருக்கமானது. பிழையே இல்லாத பேரேட்டை நான் கண்டதில்லை. தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் கணக்கரைத்தான் நம்புவோம். குர்ஆனின் 75ஆம் அத்தியாயத்தில் லவ்வாமாவின் மீது சத்தியமே செய்யப்படுகிறது.

நாடிழந்த நாங்கள் நட்டங்களை எல்லாம் மற்றவர் பெயரிலேயே எழுதிப் பழகிவிட்டோம். அவற்றில் பல நியாயமானவை. ஆனால் ஊரில் தனித்திருந்த அம்மா எடுத்த அழைப்புகளுக்கு 'வேலை' என்று சொல்லிப் பதில் பேசாமல் விட்டது என் பெயரில்தான் வரவேண்டும்.