நாச்சோஸ் என்னும் பெயர்

மொறுமொறுப்பான சோள வறுவலின்மேல் மாட்டிறைச்சிக் கொத்துக்கறியையும் உருகிய பாலாடைக்கட்டியையும் பரப்பி, பக்கத்திலே வெண்ணெய்ப்பழத்தை அப்போதே மசித்து, எலுமிச்சை பிழிந்து வைக்கிறார்களே, அந்த நாச்சோஸுக்கு அப்பெயர் எப்படி வந்தது தெரியுமா?

இரண்டாம் உலக யுத்த காலத்திலே, அமெரிக்க எல்லையை ஒட்டிய மெக்சிகோவின் பியேத்ராஸ் நெக்ராஸ் நகரத்து உணவு விடுதியொன்றில், பசியோடு வந்தமர்ந்த பெண்மணிகள் சிலருக்குச் சமைத்துக் கொடுக்கச் சமையற்காரரைக் காணாத சமயத்தில், பரிமாறுவோரை மேற்பார்க்கும் இக்னாசியோ அனாயா என்பவர் தாமே அடுக்களையில் புகுந்து, வறுத்த சோள ரொட்டித் துண்டுகளின்மீது பாலாடைக்கட்டியைத் தூவி, சூட்டில் உருக்கி, ஹாலபேனோ மிளகாய் வில்லைகளை வைத்து நீட்டினாராம். இக்னாசியோ என்னும் நாமதேயத்தைச் செல்லமாக ‘நாச்சோ’ என்று சுருக்குவது அந்நாட்டுச் சம்பிரதாயம்; பண்டத்துக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. கொத்துக்கறியும் மசியலும், பாவம், பிற்பாடு ஏறிய ஆபரணங்கள்தாம்.